டேங்கில் கேஸ் இருந்தும் நின்றுபோன ஜெனரேட்டர்: மினசோட்டா வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடு மினியாபொலிஸுக்கு வடக்கே, கிராமப்புறத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் இயற்கை எரிவாயுக் குழாய் கிடையாது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், அடுப்பு, மின்சாரம் போனால் தானாக ஓடத் தொடங்கும் 22 கிலோவாட் ஜெனரேட்டர் எல்லாமே தோட்டத்தில் கிடக்கும் 500 கேலன் புரோப்பேன் டேங்கை நம்பியிருப்பவை. வெள்ளைப் பூச்சு அடித்து, பத்தடி நீளத்தில், படுத்த நிலையில் இருக்கும் அந்த டேங்கை அமெரிக்கக் கிராமப்புறத்தில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம்.

2019 ஜனவரி கடைசி வாரம். போலார் வோர்டெக்ஸ், அதாவது துருவத்துக் கடுங்குளிர்க் காற்று, என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் அலறிக்கொண்டிருந்த வாரம் அது. ஜனவரி 30 காலையில் மினியாபொலிஸில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் பதிவானது. மினசோட்டாவில் எரிவாயு நிறுவனமே வாடிக்கையாளர்களிடம் வீட்டுச் சூட்டைக் குறைத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. நான் சொல்லப்போகும் சம்பவம் அந்தக் கடுங்குளிருக்குச் சற்று முந்தைய இரவில் நடந்தது. பகலில் மைனஸ் 18 போல இருந்தது. அதற்கு முன் நல்ல பனிப்பொழிவு, டேங்கின் முதுகிலும் இரு பக்கத்திலும் பனி குவிந்து கிடந்தது. இரவு ஒன்பது மணி வாக்கில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் சில நொடிகளில் எழுந்து வீட்டைத் தாங்கிக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரு குறையும் இல்லை. அப்புறம் விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன, எஞ்சின் இழுத்து இழுத்து முனகியது, நின்றுவிட்டது. அப்போது வெளியே மைனஸ் 25.

வீட்டுக்காரர் என் நண்பர், வயதில் சின்னவர். போனில் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "அண்ணா, டேங்க்ல இருபத்தஞ்சு சதவீதம் காட்டுதுண்ணா, கேஸ் தீரல, ஏன் நிக்குது?"

கேள்வியிலேயே பாதித் துப்பு இருந்தது. மீதியை அவர் அடுத்துச் சொன்னார். அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி போட்டால் ஜெனரேட்டர் எழுகிறதாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுகிறதாம். பிறகு அதே முனகல். எஞ்சின் கோளாறு இப்படி ஓய்வெடுத்துக்கொண்டு குணமாகாது. ஸ்பார்க் பிளக்கோ பேட்டரியோ காரணமாக இருந்தால் முதல் இரண்டு மணி நேரம் அப்படி ஒழுங்காக ஓடியிருக்காது. ஓடினால் களைத்து, ஓய்ந்தால் தெளிந்து வரும் பொருள் அங்கே ஒன்றுதான் உண்டு, அது டேங்க்.

மறுநாள் சர்வீஸ்காரர் கேஸ் அழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டரை மாட்டிப் பார்த்தபோது இது உறுதியானது. இந்த வகை ஜெனரேட்டருக்கு ரெகுலேட்டரைத் தாண்டி வரும் கேஸ் சுமார் 11 அங்குல நீர் அழுத்தத்தில், அதாவது 11 அங்குல உயரத்துக்கு நிற்கும் நீர் தரும் அழுத்தத்தில், இருக்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது 11 காட்டியது. சுமை ஏறியதும் 9, 7, 5 என்று இறங்கியது. இதைப் பார்ப்பதற்கு முன் எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கியிருந்தால் வீண் வேலை. இந்த மாதிரிப் புகார்களில் மேனோமீட்டர்தான் முதலில் வெளியே வர வேண்டிய கருவி என்பது என் கருத்து. பலர் அதைக் கடைசியில்தான் எடுக்கிறார்கள்.

டேங்குக்குள் நடப்பது

புரோப்பேன் டேங்குக்குள் திரவமாக இருக்கிறது. எஞ்சினுக்குப் போவது அதன் மேலே நிற்கும் ஆவி. ஆவியை உறிஞ்ச உறிஞ்சத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. கொதிக்க வெப்பம் வேண்டும். கீழே அடுப்பு எதுவும் இல்லை. டேங்கின் இரும்புத் தோல் வழியாகச் சுற்றியுள்ள காற்று தருவதுதான் வெப்பம். மைனஸ் 25 டிகிரிக் காற்று வெப்பம் தருமா என்று கேட்கத் தோன்றும். தரும், உள்ளே இருக்கும் திரவம் அதைவிடக் குளிர்ந்திருந்தால்.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய அடுப்பை முழு வேகத்தில் வைத்துச் சாம்பார் கொதிக்கும்போது சிலிண்டரின் அடிப்பாதி வியர்த்து, சில நேரம் வெள்ளையாக உறைபனியே படிந்துவிடும். தீ தணியத் தொடங்கும். சமையல்காரர் சிலிண்டரை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நிற்க வைப்பார். சென்னை வெயிலிலும் இது நடக்கிறதென்றால் காரணம் வானிலை மட்டும் இல்லை. எவ்வளவு வேகமாக இழுக்கிறோம், அதற்குத் தேவையான வெப்பம் எவ்வளவு தோல் வழியாக உள்ளே வருகிறது என்கிற கணக்குதான் அது.

புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அதை வைத்துக்கொண்டு "மைனஸ் 42 வரை கவலை இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. காகிதத்தில் சரி, நடப்பில் தவறு. மைனஸ் 42-இல் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமம், அதாவது குழாயில் தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வீட்டு டேங்குகளில் இரண்டு கட்ட ரெகுலேட்டர் இருக்கும். முதல் கட்டம் டேங்க் அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அளவுக்குக் குறைக்கும், இரண்டாவது அதை 11 அங்குல நீர் அழுத்தத்துக்குக் கொண்டுவரும். முதல் கட்டம் ஒழுங்காக வேலை செய்ய டேங்கில் 10-க்கு மேல் இருந்தாக வேண்டும். திரவம் மைனஸ் 20 டிகிரியில் இருந்தால் டேங்கில் சுமார் 20 பி.எஸ்.ஐ. இருக்கும். மைனஸ் 29-இல் அது ஏறக்குறைய 10-க்கு வந்துவிடும். ஆகவே நடைமுறையில் எல்லைக்கோடு மைனஸ் 29. இது திரவத்தின் வெப்பநிலை, வானிலை அறிக்கை சொல்லும் எண் இல்லை.

இனி அந்த இரவின் கணக்கு. அமெரிக்க கேஸ்காரர்களிடம் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. டேங்கின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நீளத்தால் பெருக்கி, நிரம்பியிருக்கும் அளவுக்கான ஒரு எண்ணால் பெருக்கினால், வெளியே பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ் இருக்கும்போது அந்த டேங்க் மணிக்கு எத்தனை பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) ஆவி தர முடியும் என்று தெரியும். 60 சதவீதம் நிரம்பியிருந்தால் அந்த எண் 100. 40 சதவீதத்தில் 80, 20 சதவீதத்தில் 60, 10 சதவீதத்தில் 45. திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்புப் பரப்புதான் வெப்பத்தை வாங்கித் தருகிறது, திரவம் குறையக் குறைய அந்தப் பரப்பும் குறைகிறது. குளிர் கூடினால் இன்னொரு வெட்டு, எண்கள் எல்லாம் ஃபாரன்ஹீட்டில்: பூஜ்ஜியத்தில் முழு அளவு, மைனஸ் 10-இல் பாதி, மைனஸ் 15-இல் கால் பங்கு, மைனஸ் 20-இல், அதாவது மைனஸ் 29 செல்சியஸில், ஒன்றுமில்லை.

நண்பர் வீட்டு டேங்க் 37 அங்குல விட்டம், 119 அங்குல நீளம். 25 சதவீதத்துக்கு எண் 65 என்று வைத்தால் மைனஸ் 18-இல் மணிக்கு சுமார் 2,86,000 பி.டி.யூ. மைனஸ் 25 செல்சியஸில் அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம், ஏறக்குறைய ஒரு லட்சம். தேவை என்ன? ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்கு சுமார் இரண்டரை கேலன் குடிக்கும். ஒரு கேலனில் 91,500 பி.டி.யூ. இருக்கிறது, ஆக ஜெனரேட்டருக்கு மட்டும் 2,29,000. அதோடு விட்டுவிட்டு ஓடும் ஃபர்னஸுக்குச் சராசரி 70,000. மொத்தம் மூன்று லட்சம். தரக்கூடியது ஒரு லட்சம், கேட்பது மூன்று லட்சம்.

அப்படியானால் முதல் இரண்டு மணி நேரம் எப்படி ஓடியது? எனக்கு இந்த நிகழ்வில் பிடித்த பகுதி இதுதான். 25 சதவீதம் என்றால் சுமார் 240 கிலோ திரவம். அதோடு சில நூறு கிலோ இரும்பு. பகலின் மைனஸ் 18-இலிருந்து இரண்டும் மெதுவாகத்தான் குளிர்ந்திருந்தன. இரவு ஒன்பது மணிக்குத் திரவம் மைனஸ் 24 போல இருந்திருக்கும். காற்று தராத வெப்பத்தைத் திரவம் தன் உடம்பிலிருந்தே எடுத்துக் கொதித்தது. அந்த எடைக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு இரண்டு டிகிரி போலக் குளிர்ந்துகொண்டே போகும். ஐந்து டிகிரி சேமிப்பு இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கரைந்தது. மைனஸ் 29-ஐத் தொட்டதும் முதல் ரெகுலேட்டருக்கு அழுத்தம் போதவில்லை. எஞ்சின் நின்ற அரை மணி நேரத்தில் காற்று ஒரு டிகிரியில் பாதியோ சற்று மேலோ திருப்பித் தந்தது. அதை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியது.

ஃபர்னஸ் மட்டும் ஓடும் சாதாரண இரவுகளில் இதே டேங்க், இதே 25 சதவீதத்தில், எந்தப் புகாரும் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் திறனுக்கு 70,000 தேவை, சமாளித்துவிட்டது. ஜெனரேட்டர் வந்து சேர்ந்த இரவில்தான் குட்டு வெளிப்பட்டது. மாதா மாதம் சில நிமிடம் சுமையில்லாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இது தெரியவே தெரியாது.

அந்த இரவு செய்தவை

முதலில் சுமையைக் குறைக்கச் சொன்னேன். மின்சார வாட்டர் ஹீட்டர் ஒன்றே 4.5 கிலோவாட் தின்றுகொண்டிருந்தது. வெளியே நிற்கும் இரண்டு காருக்கும் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் செருகியிருந்தது, மினசோட்டாவில் அது வழக்கம். ட்ரையர் வேறு. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஃபர்னஸின் விசிறி, கிணற்று பம்ப், ஃபிரிட்ஜ், நாலு விளக்கு மட்டும் வைத்தார்.

அடுத்து டேங்கின் மேல் கிடந்த பனியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளுவது. இதில் நண்பருக்கே நம்பிக்கை இல்லை. "போர்வை மாதிரி இருக்கே, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். போர்வை சூடு தராது, இருக்கும் சூட்டைத் தடுத்து நிறுத்தும். நம் உடம்பு உள்ளே சூட்டை உண்டாக்குகிறது, அதனால் நமக்குக் கம்பளி உதவும். டேங்க் உள்ளே குளிரை உண்டாக்குகிறது. அதற்குக் கம்பளி போர்த்தினால் வெளியிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச வெப்பமும் வராது. இணையத்தில் டேங்குக்குத் தெர்மோகோல் சுற்று, பழைய ரஜாயைக் கட்டு என்று அறிவுரை சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. பனியைத் தள்ளும்போது ரெகுலேட்டரின் சுவாசத் துளையையும் பார்த்துவிட வேண்டும், அது பனிக்கட்டியால் அடைத்தால் அழுத்தம் தாறுமாறாகும்.

செய்யக் கூடாது என்று சொன்னதும் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு கூரைத் தார் உருக்கும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். திரவம் தொடும் இடத்தில் சுடர் பட்டால் கொதிப்பு கட்டுமீறும். திரவம் இல்லாத மேல்பாகத்தில் பட்டால் இரும்பைக் குளிர்விக்க உள்ளே எதுவும் இல்லை, தகடு பலமிழக்கும். இந்த டேங்குகளின் பாதுகாப்பு வால்வு 250 பி.எஸ்.ஐ.-இல் திறக்கும். திறந்தால் வெளியே வருவது எரியும் வாயு, எதிரில் நிற்பது டார்ச் பிடித்த மனிதர். சுடர், ஹாலோஜன் விளக்கு, கட்டட வேலைக்காரர்களின் ஹீட்டர், குழாய்க்குச் சுற்றும் சாதாரண ஹீட் டேப், எதுவும் ஆகாது.

சுமை குறைந்ததால் ஜெனரேட்டர் விட்டுவிட்டாவது ஓடி வீட்டின் குழாய்கள் உறையாமல் காப்பாற்றியது. விடியற்காலையில் மின்சாரம் வந்துவிட்டது. மைனஸ் 33 வந்தபோது அவர்கள் கம்பி மின்சாரத்தில்தான் இருந்தார்கள். அது அதிர்ஷ்டம்.

ஏன் 25 சதவீதத்தில் விட்டிருந்தார்

விலை இறங்கட்டும் என்று காத்திருந்தார், வேறு ரகசியம் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் 2013-14 குளிர்காலத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. 2013 இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் ஈரத்தோடு அறுவடைக்கு வந்தது. அதை உலர்த்தவே புரோப்பேன் கையிருப்பு பெருமளவு கரைந்தது. அப்போது கனடாவிலிருந்து புரோப்பேன் கொண்டுவந்துகொண்டிருந்த கொச்சின் என்ற குழாய்வழி பராமரிப்புக்காகக் கொஞ்ச காலம் மூடப்பட்டது. மேலே கடுங்குளிர். 2014 ஜனவரியில் மத்திய மேற்கு மாநிலங்களில் வீட்டு விலை கேலன் 4 டாலரைத் தாண்டியது. மினசோட்டா ஆளுநர் மார்க் டேட்டன் அவசரநிலை அறிவித்தார். விநியோகஸ்தர்கள் யாருக்கும் முழு டேங்க் நிரப்பாமல் நூறு, இருநூறு கேலன் என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். பற்றாக்குறை என்றால் கேஸ் தீர்ந்துபோவதுதான் எல்லோரும் அஞ்சியது. டேங்க் பாதிக்குக் கீழ் இறங்கிக் கிடப்பதே கடும் இரவில் ஜெனரேட்டரை நிறுத்தப் போதும்.

நிரந்தர ஏற்பாடு

மின்கம்பளம்தான் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது. புரோப்பேன் டேங்குக்கென்றே சான்றளிக்கப்பட்ட, தெர்மோஸ்டாட் உள்ள கம்பளங்கள் கிடைக்கின்றன. வெளிப்பக்கம் காப்பு, உள்பக்கம் சூடு. மின்சாரம் போனால்தானே ஜெனரேட்டர், அப்போது கம்பளத்துக்கு மின்சாரம் ஏது என்பது நியாயமான கேள்வி. கணக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒரு கிலோ புரோப்பேனை ஆவியாக்கக் குளிர்காலத்தில் சுமார் 400 கிலோஜூல் போதும். முழுச் சுமையில் அந்த 22 கிலோவாட் ஜெனரேட்டர் மணிக்கு ஏழு கிலோ சொச்சம் எரிக்கும். அதை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் வெறும் 0.8 கிலோவாட். வெளியே கசியும் சூட்டையும் சேர்த்து ஒன்றரை கிலோவாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 22-இல் ஒன்றரையைத் திருப்பிக் கொடுத்து மீதியைப் பெறுவது மோசமான பேரம் இல்லை. ஒரே நிபந்தனை, கம்பளம் ஜெனரேட்டர் தாங்கும் பேனலில் இருக்க வேண்டும், குளிர் வருவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். உறைந்து நின்றுபோன டேங்கை அது உடனே எழுப்பாது.

ஆனால் கம்பளம் என் முதல் தேர்வு இல்லை. கம்பி, தெர்மோஸ்டாட், ஒரு பிரேக்கர் என்று கெட்டுப்போக மூன்று பொருள்கள் கூடுகின்றன. கெட்டது தெரியவருவது கடுங்குளிர் இரவில். கெட்டுப்போக முடியாதது இரும்புப் பரப்பு. நவம்பரிலிருந்து 60 சதவீதத்துக்குக் கீழே விடாமல் இருந்தாலே ஒரு டேங்க் மைனஸ் 25-இல் ஒன்றரை லட்சம் பி.டி.யூ. தரும். திரவத்தின் எடையும் இரு மடங்குக்கு மேல் ஆவதால் அதே சுமையில் இரண்டரை மணி நேரத்துக்குப் பதில் ஐந்து மணி நேரம் போலத் தாங்கும். இரண்டு டேங்க் இருந்தால் மூன்று லட்சம், அந்த இரவின் முழுத் தேவை.

1,000 கேலன் டேங்க் ஒன்றாகவே போட்டிருக்கலாமே என்றால், இடம் ஒத்துவரவில்லை.  அந்தத் தோட்டத்தில் கட்டடத்திலிருந்து தள்ளி வைக்கப் பார்த்தால் செப்டிக் வயல், அதாவது வீட்டுக் கழிவுநீர் மண்ணில் வடியும் இடம், வந்துவிடுகிறது. மண்ணுக்குள் புதைப்பது நல்ல தீர்வுதான், பனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே மண் காற்றைப் போல உறைவதில்லை. ஆனால் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் தோண்டும் செலவைக் கேட்டதும் பேச்சு முடிந்தது. டீசலுக்கு மாறுவதைப் பற்றியும் பேசினோம். குளிரில் டீசலில் மெழுகு திரளும் தொல்லை வேறு கதை, ஒரு தலைவலிக்கு இன்னொன்று.

ஆக, 3 அடி இடைவெளியில் இரண்டாவது 500 கேலன் டேங்க் வந்தது. ஆவிக் குழாய்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. மைனஸ் 29-க்குக் கீழே இரும்புப் பரப்பு எவ்வளவு இருந்தாலும் பலனில்லை, காற்றே அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. அந்தச் சில இரவுகளுக்காக முதல் டேங்குக்கு மட்டும் ஒரு மின்கம்பளமும் வாங்கினார். வாட்டர் ஹீட்டரும் காரின் ஹீட்டர்களும் ஜெனரேட்டர் பேனலிலிருந்து வெளியேற்றப்பட்டன. எஞ்சினுக்கு பேட்டரி வார்மரும் செயற்கை எண்ணெயும் மாற்றியது சொல்லாமலே புரியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது, கம்பளம் விற்றவர் அதைச் சொல்லவில்லை. இணைத்த இரண்டு டேங்கில் ஒன்றை மட்டும் சூடாக்கினால், அதில் கொதிக்கும் ஆவி ஜெனரேட்டருக்கு மட்டும் போகாது. குழாய் வழியாகப் பக்கத்துக் குளிர்ந்த டேங்குக்குப் போய் அங்கே மறுபடி திரவமாகிவிடும். இரவு முழுக்க விட்டால் சூடான டேங்க் காலியாகி, குளிர்ந்தது பாதுகாப்புக்கான 80 சதவீத நிரப்பு வரம்பைத் தாண்டி நிரம்பவும் கூடும். அதனால் கம்பளத்தைப் போடும் இரவுகளில் இரண்டாவது டேங்கின் வால்வை மூடிவிட வேண்டும். நண்பர் இதை ஒரு அட்டையில் எழுதி டேங்கின் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கிறார், தமிழிலும் ஆங்கிலத்திலும், கேஸ்காரரும் படிக்க வேண்டுமே.

2021 பிப்ரவரியில் மினசோட்டாவில் பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும் இரவுகள் அடுத்தடுத்து வந்தன. மின்சாரம் போகவில்லை. நண்பர் காத்திருக்காமல் தானே மெயினை அணைத்து, பாதிச் சுமையில் மாலையிலிருந்து விடியும் வரை ஓட்டிப் பார்த்தார். கம்பளம் போடவில்லை, இரண்டு வால்வும் திறந்திருந்தன. மேனோமீட்டர் 11-இலிருந்து 10.5-க்கு வந்து அங்கேயே நின்றது. அந்த அரை அங்குலம் டேங்கால் இல்லை, ரெகுலேட்டருக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே உள்ள குழாய் ஒரு அளவு சிறியது. அதை மாற்றுவது அடுத்த கோடைக்கு ஒத்திவைக்கப்பட்டது.